ஆறு குளிர்காலமாக எங்கள் மோட்டார் ஹோமின் குழாய்களைக் காத்த அனுபவம்

எங்கள் மோட்டார் ஹோம், அதாவது சமையலறை, கழிவறையோடு வீடு போலிருக்கும் வண்டி, வருடத்தில் ஐந்து மாதம் ஓடாமல் நிற்கும். அந்த ஐந்து மாதமும் வெளியே கடுங்குளிர், வண்டிக்குள்ளும் சூடு கிடையாது. அதனால் முதல் உறைபனிக்கு முன்பே தண்ணீர் போகும் வழி முழுவதையும் காலி செய்தாக வேண்டும். ஆறு வருடமாக இந்த வேலையை நானே செய்கிறேன். முதலில் காற்றால் ஊதிப் பார்த்தேன், அப்புறம் குழாய் உறைந்து வெடிக்காமல் காக்கும் இளஞ்சிவப்புத் திரவமான ஆன்டிஃப்ரீஸ் மட்டும் விட்டுப் பார்த்தேன். கடைசி மூன்று வருடமாக இரண்டையும் சேர்த்துச் செய்கிறேன். இந்த மூன்று வருடத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

முதல் வருடம் காற்று மட்டும்தான். குளிர் முடிந்து டேங்கில் தண்ணீர் நிரப்பி பம்பைப் போட்டேன். எல்லாக் குழாயும் மூடியிருந்தும் சில நிமிடத்துக்கு ஒரு தடவை பம்ப் டர்ரென்று ஓடி நின்றது. எங்கோ கசிகிறது, ஆனால் கண்ணுக்குப் படவில்லை. இணைப்பு ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டுக் காத்திருந்தேன். கழிவறைக்குப் பின்னால் சுற்றிய தாள் மட்டும் நனைந்திருந்தது. மிதியை அழுத்தினால் தண்ணீர் விடுகிற வால்வு அது. கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் பிடித்து லேசாக வளைத்தபோதுதான் தலைமுடி போல ஒரு விரிசல் தெரிந்தது. அதற்குள் தங்கியிருந்த தண்ணீர் ஒரு கரண்டி அளவுகூட இருந்திருக்காது.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். நீண்ட குழாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தால் பெருக்க இடம் இருக்கிறது, அதனால் கெடுதல் இல்லை. இப்போது வரும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய்கள் ஓரளவு விரிந்தும் கொடுக்கும். ஆனால் வால்வின் உள்ளறை, பம்பின் தலை, வடிகட்டிக் கிண்ணம் போன்ற சின்னப் பள்ளங்கள் முழுசாக நிரம்பி நிற்கும். உடைவது அங்கேதான். இது புரிந்த பிறகு குழாயைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு இந்த மூலைமுடுக்குகளைத்தான் கவனிக்கிறேன்.

இப்போது நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். வாட்டர் ஹீட்டரை முந்தின நாளே அணைத்து ஆறவிடுவேன். சூடாக இருக்கும்போது அடைப்பானைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு அடிக்கும், அதில் அவசரமே கூடாது. பம்பை நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை இறக்கியபின்தான் ஹீட்டரின் அடைப்பானைக் கழற்றுவேன். மேலே உள்ள அழுத்த வால்வையும் திறந்துவிட்டால் தண்ணீர் மளமளவென்று இறங்கிவிடும். எங்கள் ஹீட்டரின் தொட்டி எஃகு, அதனால் அடைப்பானோடு ஒரு மெக்னீசியம் கம்பி சேர்ந்து வரும். தொட்டி அரிக்காமலிருக்கத் தன்னை அரிக்கக் கொடுக்கிற கம்பி அது. முக்கால்வாசி கரைந்திருந்தால் மாற்றிவிடுவேன். கம்பியோடு வெள்ளைச் செதில் செதிலாக உப்பும் வரும், அதையும் கழுவிவிடுவேன். அலுமினியத் தொட்டி உள்ள ஹீட்டர்களில் பெரும்பாலும் இந்தக் கம்பி இருக்காது.

அதன்பின் பைபாஸ் வால்வைத் திருப்பி ஹீட்டரைத் தனியே பிரித்துவிட வேண்டும். இதை மறந்தால் ஆன்டிஃப்ரீஸ் முதலில் 22 லிட்டர் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் வெந்நீர்க் குழாய்க்கே வரும். பைபாஸ் இருந்தால் எங்கள் வண்டி முழுவதற்கும் 8 லிட்டர் போதுமானதாக இருக்கிறது.

குடிநீர் டேங்கையும் தாழ்வான இடத்து வடிகால்களையும் திறந்தபின் கம்ப்ரஸரை வெளித் தண்ணீர் இணைப்பில் மாட்டுவேன். அழுத்தம் 40 பிஎஸ்ஐக்கு மேல் போக விடமாட்டேன். டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கருவியை ஒரு வருடம் முயன்றேன், பயனில்லை. அழுத்தம் காட்டுகிறதே தவிர காற்றின் அளவு போதாது, தண்ணீருக்கு மேலாகவே காற்று போய்விடுகிறது. தொட்டி வைத்த கம்ப்ரஸர்தான் வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குழாய் மட்டும் திறக்க வேண்டும். வெறும் காற்று வந்ததும் மூடிவிட்டு அடுத்ததற்குப் போவேன். ஒரு சுற்று முடித்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஊதினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வரும். சுவரில் ஒட்டியிருந்தது அதற்குள் இறங்கிச் சேர்ந்திருக்கும்.

இவ்வளவு ஊதினாலும் பம்பின் தலைக்குள் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். அங்கேதான் ஆன்டிஃப்ரீஸ் உதவுகிறது. பம்பின் வாயில் ஒரு மூவழி வால்வும் சின்ன ரப்பர் குழாயும் பொருத்தினேன். இந்த வண்டியில் நான் சேர்த்தவற்றில் மிக உபயோகமானது இதுதான். குழாயை ஆன்டிஃப்ரீஸ் கேனுக்குள் விட்டுப் பம்பைப் போட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்கிறது, குடிநீர் டேங்குக்குள் ஊற்றும் தொல்லையே இல்லை. சிங்க், ஷவர், கழிவறை, வெளி ஷவர் ஒவ்வொன்றிலும் குளிர்நீர் பக்கம், வெந்நீர் பக்கம் இரண்டிலும் நல்ல இளஞ்சிவப்பு வரும்வரை திறந்து வைப்பேன். வெளுத்த நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் விட வேண்டும்.

வெளி ஷவரைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நானும் ஒரு தடவை பாதியில் நினைவு வந்து திரும்பிப் போனேன். வெளித் தண்ணீர் இணைப்புக்குள் ஒருவழி வால்வு இருக்கும், அதுவும் அப்படித்தான். பம்பை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, வலையை எடுத்துவிட்டு வால்வின் நடுவை லேசாக அழுத்தினால் இளஞ்சிவப்பு துளிர்க்கும். அது வந்தால் சரி.

திரவம் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். கார் என்ஜினுக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் விஷம், குடிநீர் வழிக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. குடிநீர்க் குழாய்களுக்கென்றே புரோப்பிலீன் கிளைகால் கலந்தது விற்கிறார்கள், அதைத்தான் வாங்குகிறேன். ஆல்கஹால் கலந்த வகையும் உண்டு. அது ரப்பர் வாஷர்களை உலர்த்தும், தீப்பற்றவும் கூடும், ஆகவே தவிர்க்கிறேன். இன்னொன்று, லேபிளில் இருக்கும் மைனஸ் 50 ஃபாரன்ஹீட் என்பது குழாய் வெடிக்காமல் காக்கும் அளவு. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகிவிடும். ஒரு குளிர்காலத்தில் மிச்சம் வைத்த கேனைத் திறந்தபோது கரும்புச்சாறு ஐஸ் போல இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, கூழ் குழாயை அழுத்தி உடைக்காது.

சிங்க், ஷவரின் வடிகால் வளைவுகள் ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவேன். கழிவு டேங்குகள் இரண்டையும் காலி செய்து கழுவியபின் அவற்றிலும் கொஞ்சம் விடுவேன், வால்வுத் தகட்டின் ரப்பர் காயாமலிருக்கும். வடிகட்டியைக் கழற்றிவிடுவேன். ஐஸ் செய்யும் கருவியோ துணி துவைக்கும் இயந்திரமோ உள்ள வண்டிகளில் அவற்றின் வழியையும் கவனிக்க வேண்டும், எங்களுடையதில் இல்லை.

குளிர் முடிந்து திரும்பும்போது நிறம் போகும்வரை எல்லாக் குழாய்களிலும் நல்ல தண்ணீர் ஓட விட வேண்டும். இனிப்பு ருசி இன்னும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு 57 லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லி வாசனையற்ற பிளீச் என்ற கணக்கில் கலந்து எல்லாக் குழாயிலும் வரவிட்டு ஒரு இரவு நிறுத்தி அலசுகிறேன். புதிய வடிகட்டி அதற்கப்புறம்தான்.

ஹீட்டர் நிரம்புமுன் சுவிட்சைப் போட்டால் உள்ளிருக்கும் சூடாக்கும் மின்கம்பி கருகிவிடும். அதனால் வண்டியை மூடும் நாளே அந்தச் சுவிட்சின் மேல் ஒரு நாடா ஒட்டி, "தண்ணீர் இல்லை, ஹீட்டர் பைபாஸில் இருக்கிறது" என்று எழுதி வைக்கிறேன். வெந்நீர்க் குழாயில் காற்று இரைச்சல் நின்று ஒரே சீராகத் தண்ணீர் வந்த பிறகுதான் நாடாவை உரிப்பேன்.