டிவவர், வுல்ஃப், காபிள், கார்ஜ்: வாரி விழுங்க எந்தச் சொல்?

பசியோடு வந்தவன் ஒரு தட்டு பிரியாணியை ஐந்தே நிமிடத்தில் முடித்துவிட்டான். இதை ஆங்கிலத்தில் சொல்ல டிவவர், வுல்ஃப், காபிள், கார்ஜ் என்று நான்கு வினைச்சொற்கள் வரிசையில் நிற்கின்றன. அகராதியைப் புரட்டினால் நான்குக்கும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான்: வேகவேகமாகச் சாப்பிடு, வாரி விழுங்கு. ஆனால் புழக்கத்தில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று எப்போதும் உட்காராது. என் கணக்கு இது: வுல்ஃப் வேகத்தைப் பார்க்கிறது, காபிள் வாயைப் பார்க்கிறது, கார்ஜ் வயிற்றைப் பார்க்கிறது. டிவவர் பார்ப்பது காலியான தட்டை.

வுல்ஃப் என்றால் ஓநாய். அந்தப் பெயரே 19ஆம் நூற்றாண்டில் வினையாகிவிட்டது. பெரும்பாலும் பின்னால் 'டவுன்' ஒட்டிக்கொண்டு வரும். பஸ் கிளம்புவதற்குள் நான்கு இட்லியை அவக் அவக்கென்று உள்ளே தள்ளுகிறோமே, அதுதான் வுல்ஃப் டவுன். பெரிய பசிகூட வேண்டாம், அவசரம் போதும். மெல்லாமலே விழுங்கினால் அதற்கு 'போல்ட்' என்று தனிச்சொல் உண்டு.

காபிள் கொஞ்சம் குழந்தைத்தனமான சொல். பிரிட்டிஷ் கொச்சையில் 'காப்' என்றால் வாய். வான்கோழி போடும் சத்தத்துக்கும் ஆங்கிலத்தில் காபிள் என்றே பெயர். இரண்டும் தனித்தனியாக வந்த சொற்கள் என்றாலும், காதில் விழும்போது வான்கோழியும் கூடவே வந்துவிடுகிறது. கேக்கை லபக் லபக்கென்று அமுக்கும் சிறுவனுக்கு இது பொருந்தும். 'அப்' சேர்த்தால் சின்னக் கம்பெனியை விழுங்கும் பெரிய கம்பெனிக்கும் பொருந்தும்.

கார்ஜ் என்பது பிரெஞ்சில் தொண்டை. நாம் கழுத்து முட்டச் சாப்பிட்டேன் என்கிறோமே, கிட்டத்தட்ட அதே படம். (நமக்கு அதுவும் போதாமல் மூக்குமுட்ட வரை போவோம்.) இலக்கணத்தில்தான் பலர் இடறுகிறார்கள். பிரியாணியை கார்ஜ் செய்தேன் என்று சொல்ல முடியாது. 'ஐ கார்ஜ்ட் மைசெல்ஃப் ஆன் பிரியாணி' என்று நம்மையே நிரப்பிக்கொள்ள வேண்டும். 'மைசெல்ஃப்' இல்லாமலும் சொல்லலாம், 'ஆன்' மட்டும் போகக் கூடாது. வேகம் இங்கே பேச்சே இல்லை, அளவுதான். இரண்டு மணி நேரம் நிதானமாக உட்கார்ந்தும் கார்ஜ் செய்யலாம்.

இனி டிவவர். முதலில் உச்சரிப்பு. ஃபோர் என்ற எண்ணின் கடைசி மூன்று எழுத்துகள்தான் இதற்கும் கடைசி மூன்று, அதனால் நம்மில் பலர் 'டிவோர்' என்று சொல்லிவிடுகிறோம். அதே மூன்று எழுத்தில் முடியும் ஹவர் அதாவது 'அவர்' பக்கம் பாருங்கள், சரியாக வரும். அழுத்தம் 'வ'வில்.

இதன் வேர் 'விழுங்கு' என்ற பொருள் கொண்ட லத்தீன் 'வொராரே'. கார்னிவோர், ஹெர்பிவோர், ஆம்னிவோர் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். டவுன், அப் என்று எந்த ஒட்டும் இதற்குத் தேவையில்லை. ஆனால் எதை விழுங்கினான் என்று சொல்லியாக வேண்டும். வெறுமனே 'ஐ டிவவர்ட்' என்றால் வாக்கியம் பாதியில் நிற்கும்.

மற்ற மூன்றையும்விட இது சாப்பாட்டு மேசையை விட்டு வெகுதூரம் போகும் சொல். தீ வீட்டை டிவவர் செய்யும். நாமும் வீடு 'தீக்கிரையானது' என்கிறோம். தீக்கு இரை, சாப்பாட்டுச் சொல்தான். ஒருவரை 'கண்ணாலேயே விழுங்குவது' இரண்டு மொழியிலும் உண்டு. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் பேதுருவின் முதல் நிருபத்தில் பிசாசு கர்ஜிக்கும் சிங்கம்போல் யாரை டிவவர் செய்யலாம் என்று அலைகிறான். தமிழ் பைபிளிலும் அதே இடத்தில் 'விழுங்கு' என்ற வினைதான். பொறாமையும் குற்ற உணர்வும்கூட ஆளை டிவவர் செய்யும். கவலை மனிதனை அரிக்கிறது என்பது நம் வழக்கம். கவலைப்படுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'ஃப்ரெட்'டுக்கே பழைய ஆங்கிலத்தில் தின்று தீர்ப்பது என்றுதான் பொருள்.

புத்தக விஷயத்தில்தான் வழி பிரிகிறது. 'ஐ டிவவர்ட் த புக்' என்பதை 'புத்தகத்தை விழுங்கினேன்' என்று எழுதினால் தமிழில் ஒட்டாது. 'கரைத்துக் குடித்தேன்' என்றால் பொருளே மாறிவிடும். அது முழுத் தேர்ச்சி. டிவவர் செய்தவருக்கு மறுநாள் பாதி மறந்திருக்கலாம். 'ஒரே மூச்சில் படித்து முடித்தேன்' என்பதுதான் சரியான தமிழ்.

தமிழில் டிவவருக்கு நேர் ஜோடி கேட்டால் நான் 'கபளீகரம்' என்பேன். கவளம் என்ற சொல்லோடு உறவுள்ளது. வாய்க்குள் போனதுதான் தொடக்கம். இன்று ஏரியும் புறம்போக்கும்தான் அதிகம் கபளீகரம் ஆகின்றன.

கொச்சையில் இன்னும் இரண்டு உண்டு: பிரிட்டனில் ஸ்காஃப், அமெரிக்காவில் ஸ்கார்ஃப். ஸ்காஃபுக்குப் பின்னால் 'அட்' வந்தால் அது சாப்பாடு இல்லை, ஏளனம்.

மரியாதைக் கணக்கும் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் மனிதன் சாப்பிட ஒரு வினை, விலங்கு தின்ன வேறொரு வினை. இரண்டாவதை மனிதனுக்குச் சொன்னால் வசவு. நம் 'சாப்பிட்டார்', 'தின்றான்' போலத்தான். ஆங்கிலத்தில் அப்படித் தனி வினை இல்லாவிட்டாலும், நான்கு சொற்களிலும் கொஞ்சம் விலங்கு வாடை இருக்கிறது. விருந்து வைத்தவரிடம் 'ஐ டிவவர்ட் இட்' என்றால் சமையலுக்குப் பாராட்டு. அவர் மாமனாரைப் பார்த்து 'ஹி வுல்ஃப்ட் இட் டவுன்' என்றால் அடுத்த விருந்துக்கு அழைப்பு வருவது சந்தேகம்.