ஷீட் போனதில்லை, ஸ்க்ரூதான் போகிறது: டெல்டா கூரைகளில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ

கஜா புயலுக்குப் (2018 நவம்பர்) பிறகு நாகை, வேதாரண்யம், மன்னார்குடிப் பக்கம் கீற்று இருந்த இடத்தில் எல்லாம் கலர் ஷீட் ஏறிவிட்டது. ஷீட்டின் கனத்தையும் நிறத்தையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறவர்கள், தானே துளை போட்டுக்கொண்டு இறங்கும் இந்த ஸ்க்ரூவை மட்டும் "ஏதாவது ஒரு பாக்கெட் போடுங்க" என்று விட்டுவிடுகிறார்கள். நாலைந்து மழை கழித்து ஏறிப் பார்த்தால் ஷீட் நன்றாகவே இருக்கும். ஒழுகுவது ஸ்க்ரூ தலைக்கு அடியில்.

நீளத்தை விட, துளைக்கும் முனையை முதலில் பாருங்கள். 2 அல்லது 3 மி.மீ. கனமுள்ள இரும்புச் சட்டத்துக்கு 3-ம் நம்பர் முனை போதும்; 8, 10 மி.மீ. ஆங்கிளுக்கு 5-ம் நம்பர் வேண்டும். முனை முழு இரும்பையும் துளைத்து முடித்த பிறகுதான் மரை இரும்பைத் தொட வேண்டும். மரை ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.8 மி.மீ. உள்ளே இழுக்கும். முனையால் அந்த வேகத்தில் துளைக்க முடியாது, கழுத்து முறிந்துவிடும். சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பில் ஸ்க்ரூ உடைவதற்கு இதுவே காரணம். அங்கே இரண்டு கனத்தையும், நடுவில் உள்ள இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஷீட்டின் மேட்டில் அடிக்க வழக்கமான அளவு 12-14 x 55 (12-ம் நம்பர் தடிமன், அங்குலத்துக்கு 14 மரை, 55 மி.மீ. நீளம்). தட்டித் தட்டி முறுக்கும் இம்பாக்ட் மெஷின் வேண்டாம். கிளட்ச் உள்ள டிரில்லில் நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று போதும். வேகம் கூடினால் முனை நீலம் பாரித்து மழுங்கும். ரப்பர் வாஷர் அதன் மேலுள்ள தகர வாஷரின் விளிம்புக்கு வெளியே லேசாக எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிடுங்கள். பிதுங்கி மடிந்த ரப்பர் கோடை வெயிலில் வெடித்துவிடும், ஐப்பசியில் தண்ணீர் இறங்கும்.

மரச்சட்டத்தில் இதே ஸ்க்ரூவை அடிப்பதுதான் பெரிய தவறு. இரும்புக்கான முனை மரத்தைப் பெரிதாகக் குடைந்துவிடும், நெருக்கமான மரைக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. காற்று ஷீட்டைத் தூக்கும்போது ஸ்க்ரூ முழுசாக உருவிக்கொண்டு வரும். மரத்துக்கு நுனியில் பிளவும் அகல மரையும் உள்ள டைப் 17 வாங்குங்கள்; சட்டத்துக்குள் 30 மி.மீ.யாவது இறங்க வேண்டும். வைரம் பாய்ந்த பனஞ்சட்டத்தில் 4 மி.மீ. துளை போட்டுவிட்டு இறக்கினால் தலை முறியாது. தென்னைச் சட்டத்தில் கருத்த வெளிப்பக்கம்தான் பிடிக்கும், நடுப்பகுதி மெத்தென்று விட்டுவிடும்.

பலகையை இரும்பில் பொருத்த (டிராக்டர் டிரெய்லர் தளம் மாதிரி) இறக்கை வைத்த ஸ்க்ரூ. இறக்கை பலகையில் துளையை அகலமாக்கிவிட்டு, இரும்பில் மோதியதும் ஒடிந்து விழும். இறக்கை இல்லாவிட்டால் மரை பலகையையும் சேர்த்துப் பிடித்து, பலகைக்கும் இரும்புக்கும் நடுவே சந்து விழும்.

பூச்சு விஷயத்தில் தஞ்சாவூரும் வேளாங்கண்ணியும் ஒன்றல்ல. கடையில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாக முலாம் பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரான். உப்புக்காற்று வருஷத்துக்குச் சில மைக்ரானைத் தின்றுவிடும், அப்புறம் தலையிலிருந்து செந்துரு வழியும். கடலோரத்தில் கனத்த பல அடுக்குப் பூச்சு உள்ளதையோ, உடல் 304 துருப்பிடிக்காத எஃகிலும் முனை மட்டும் கடின எஃகிலும் ஆனதையோ கேளுங்கள். காந்தம் வைத்தால் தெரிந்துவிடும்: முனை நன்றாக ஒட்டும், உடல் ஒட்டாது அல்லது லேசாக மட்டும் ஒட்டும். முழுவதும் நன்றாக ஒட்டினால் 410 வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கலாம், உப்புக்காற்றுக்கு அது தாங்காது. மாட்டுக்கொட்டகையில் கோமியத்திலிருந்து எழும் அம்மோனியாவும் துத்தநாகத்தை அரிக்கும். அங்கேயும் மலிவானது வேண்டாம்.

துளைக்கும்போது சிந்தும் இரும்புத்தூளை அன்று சாயங்காலமே துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். இரவுப் பனியிலேயே துருப்பிடித்து ஷீட்டில் புள்ளி விழும். தளர்ந்த பழைய துளையில் அதே 12-ஐ மறுபடி முறுக்கினால் நிற்காது. 14-ம் நம்பர், 6.3 மி.மீ. ஸ்க்ரூவைப் புது வாஷரோடு போடுங்கள்.