டர்பன் யோகா நிலையம் ஒன்றின் தொடக்கநிலை வகுப்பு: ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வடக்குக் கரையோரப் புறநகர் ஒன்றில் இயங்கும் யோகா நிலையத்தின் தொடக்கநிலை வகுப்பில் ஒரு பருவம் முழுவதும் பயின்ற பிறகு இதை எழுதுகிறேன். நிலையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறை அதற்கு மட்டும் உரியதன்று.

பயிற்சியில் குறை காண அதிகமில்லை. ஆசிரியை ஒவ்வொருவரின் வயதையும் உடல்நிலையையும் பார்த்து ஆசனத்தை மாற்றித் தருகிறார். முட்டிவலியால் வச்சிராசனத்தில் உட்காரத் திணறிய எனக்கு, மடித்த போர்வை ஒன்றைத் தாமே கொண்டுவந்து தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் இடையே வைத்தார். விரிப்புகள் சுத்தமாக இருக்கின்றன. கட்டணம் உடற்பயிற்சிக் கூடத்தைவிடக் கூடுதல் என்றாலும் கிடைக்கும் கவனிப்புக்குத் தகும். சனிக்கிழமைகளில் மட்டும் காரை நிறுத்த இடம் கிடைக்காது.

மனம் ஒப்பாதது வேறொன்று. வரவேற்பறையில் காலணி அடுக்கின் மேல்தட்டில் வெண்கல நடராசரை வைத்திருக்கிறார்கள். சிலையைச் சுற்றியுள்ள திருவாசி வளையத்தின் சுடர் ஒன்றில் யாரோ கார்ச் சாவியை மாட்டியிருந்தார்கள். தைப்பூசக் காவடி பார்த்து வளர்ந்தவர்கள் வாழும் ஊரில் இது எப்படி எவர் கண்ணையும் உறுத்தவில்லை என்று தெரியவில்லை. வகுப்பில் சூரிய நமஸ்காரம் உண்டு, யாரை வணங்குகிறோம் என்ற பேச்சு இல்லை. முடிவில் ஓங்காரம் சொல்லும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டார்களாம். கேட்டதற்கு, பல சமயத்தவரும் வருவதால் சமயச் சார்பு வேண்டாம் என்பது நிர்வாகத்தின் முடிவு என்று ஆசிரியை பணிவாகவே சொன்னார்.

மந்திரம் சொல்லும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வற்புறுத்தாமல் இருப்பது வேறு, வந்த வழியைச் சொல்லாமல் விடுவது வேறு. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் என்சினிடாஸ் நகரப் பள்ளிகளில் யோகா கற்பித்ததை, அது இந்து சமயத்தைப் புகுத்துவதாகும் என்று எதிர்த்துப் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். அங்கே கற்பிக்கப்படும் வடிவத்தில் சமயம் இல்லை என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. யோகத்தின் இந்து வேரை, அதைக் கற்றுத் தருபவர்களைவிட எதிர்த்து வழக்காடியவர்களே தெளிவாகக் கண்டிருந்தார்கள் என்பது வேடிக்கைதான்.

நம்மவர் பெருமைக்கும் ஓர் அளவு வேண்டும். இன்று வகுப்புகளில் நாம் செய்யும் ஆசனத் தொடர்களில் பல, யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் போன்றோரின் கையில் 20ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றவை. அவற்றையெல்லாம் வேதகாலத்தவை என்று மார்தட்டுவது சரியன்று. யோக சூத்திரத்தை இயற்றிய பதஞ்சலி ஆசனத்தைப் பற்றி நேரடியாகப் பேசுவது மூன்றே சூத்திரங்களில்தான். தீயவற்றை விலக்கும் இயமத்தில் கொல்லாமையும் வாய்மையும், நல்லொழுக்கம் பேணும் நியமத்தில் இறைவனிடம் தன்னை ஒப்படைத்தலும் அவர் யோகத்துக்கு வகுத்த எட்டு உறுப்புகளில் முதற்படிகள். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகத்தை விரித்துரைக்கும்போது இந்த இயம நியமங்களிலிருந்தே தொடங்குகிறார். பெருமைப்பட வேண்டியது இந்தப் பகுதி. விற்பனைக்கு வராமல் போனதும் இதுவே.

இத்தனைக்கும் டர்பனுக்கு இது அந்நியமன்று. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவம் பார்த்து, 1936இல் ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தரின் வழியில், ரிசர்வாயர் ஹில்ஸ் பகுதியில் ஓர் ஆசிரமமே இருக்கிறது. அங்கே யோகத்தையும் வழிபாட்டையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

முதுகுவலிக்கும் உடல் இறுக்கத்துக்கும் பயிற்சி தேடுபவர்கள் இந்த நிலையத்தில் தயங்காமல் சேரலாம். அடுத்த பருவத்துக்கு நானும் பணம் கட்டிவிட்டேன். முதல் வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கி யோகத்தின் வரலாற்றைச் சொல்லுமாறு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன். பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோர், அந்த ஏற்பாடு வரும்வரை, எட்டு உறுப்புகளையும் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு அனுப்புவது நல்லது.