மூன்று சேவையகங்கள், ஒரே கணக்கு: ப்ரொக்ஸ்மொக்ஸ் விஇயும் செஃபும் ஓராண்டுப் பாவனைக்குப் பின்

2024 ஏப்ரலில், இடியோடு பெய்த ஒரு மாலை மழையில், மட்டக்களப்பிலுள்ள எங்கள் சிக்கனக் கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தின் ஒரேயொரு சேவையகத்தின் தாய்ப்பலகை கருகிப்போனது. அதிலிருந்த நான்கு வன்தட்டுகளுக்கும் எதுவும் நேரவில்லை. அவை ரெயிட் முறையில் ஒன்றுக்கொன்று காப்பாக இருந்தபடியால் சேமிப்பு, கடன், அடகு ஆகிய எல்லாக் கணக்குகளும் பத்திரமாகவே இருந்தன. ஆனால் அந்தத் தட்டுகளைப் பூட்டி இயக்குவதற்கு இயந்திரம் இல்லை. அதே ரகத் தாய்ப்பலகை கொழும்பிலிருந்து வந்துசேர ஒன்பது நாட்கள் ஆயின. அந்நாட்களில் ஐந்து கிளைகளிலும் பற்றுச்சீட்டைக் கையால் எழுதினோம். வைகாசிக் கல்யாணங்களுக்காக நகை மீட்க வந்த தாய்மாருக்கு வட்டியைச் சரியாகச் சொல்ல முடியாமல் திருப்பியனுப்பினோம். தட்டுகளை மட்டும் இரட்டித்துவிட்டு நிம்மதியாக இருந்தது எவ்வளவு பெரிய பிழை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த ஒக்டோபரில் பாவித்த சேவையகங்கள் மூன்றை வாங்கி, அவற்றை ப்ரொக்ஸ்மொக்ஸ் விஇ என்ற மென்பொருளால் ஒரே கொத்தாக இணைத்தோம். வியன்னாவிலுள்ள நிறுவனமொன்று 2008 முதல் வெளியிட்டுவரும் இம்மென்பொருள் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மேல் இயங்குகிறது. ஒரே இயந்திரத்துக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மெய்நிகர் கணினிகளை, லினக்ஸிலுள்ள கேவிஎம் என்ற வசதி மூலம் நடத்துகிறது. தரவைப் பல இயந்திரங்களில் பரப்பிவைக்கும் செஃப் என்ற சேமிப்பு முறையை அதே திரையிலிருந்து நிறுவித் தருகிறது. கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. நன்கு சோதிக்கப்பட்ட புதுப்பிப்புகளும் உதவியும் வேண்டுமானால் ஒவ்வொரு செயலிக்கும் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும்; கட்டாவிட்டாலும் எந்த வசதியும் குறைவதில்லை. 2022 இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியதைப் பார்த்த ஒரு சங்கத்துக்கு இது சிறிய விடயமல்ல. நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: மூன்று இயந்திரங்களிலும் ஒரு முற்பகலில் முடிந்தது.

இரண்டு போதாதா, மூன்றாவது எதற்கு என்று இயக்குநர் சபையில் கேட்டார்கள். இரண்டு சேவையகங்களுக்கு இடையிலான இணைப்பு அறுந்தால், எதிரிலுள்ளது இறந்துவிட்டது என்று ஒவ்வொன்றும் எண்ணிக்கொள்ளும். இரண்டும் அதே கணக்கில் தனித்தனியாக எழுதத் தொடங்கினால், பிறகு எது மெய்யான மீதி என்று எவராலும் சொல்ல முடியாது. ஆகவே பெரும்பான்மை வாக்கு உள்ள பக்கமே இயங்கலாம் என்பது இந்தக் கொத்தின் விதி. மூன்றில் இரண்டு ஒன்றையொன்று காணுமானால் அவை தொடரும். தனித்துப்போன ஒன்று, தான் நலமாக இருந்தாலும், தன்னிடமுள்ள கணக்குகளை விட்டுவிட்டுத் தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொள்ளும். மூன்றாவது சேவையகத்துக்கு வசதியில்லாதவர்கள் ஒரு சிறு கணினியை வாக்களிக்க மட்டும் வைக்கவும் வழியுண்டு.

செஃப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவின் சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் செய்த முனைவர் பட்ட ஆய்வில் பிறந்த இம்முறை, எழுதப்படும் ஒவ்வொரு துண்டையும் மூன்று வெவ்வேறு சேவையகங்களில் மூன்று நகல்களாக வைக்கிறது. நகல்கள் எழுதி முடிந்த பின்பே எழுதியாயிற்று என்று பதில் தருகிறது. இரண்டு நகல்கள் இருக்கும் வரை வேலை நடக்கும். ஒன்றாகக் குறைந்தால், தரவைக் காக்கும் பொருட்டு எழுத்தையும் வாசிப்பையும் நிறுத்திவிடும். இந்தக் கண்டிப்பைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. மற்றவர்களின் பணத்துக்குக் கணக்கு வைப்பவன் என்ற முறையில் எனக்கு இதுவே மிகவும் பிடித்த குணம்.

இடக்கணக்கில்தான் பலரும் தவறுகிறார்கள். எங்களிடம் சேவையகத்துக்கு நான்காக, 960 கிகாபைட் எஸ்எஸ்டி தட்டுகள் பன்னிரண்டு உள்ளன, கூட்டினால் 11.5 டெராபைட். மூன்று நகல் என்பதால் பயன் 3.84 டெராபைட் மட்டுமே. அதையும் நிரப்ப முடியாது. ஒரு தட்டுப் பழுதானால், அதன் பங்கை அதே சேவையகத்தின் மற்ற மூன்று தட்டுகளும் ஏற்க வேண்டும். தட்டு 85 விழுக்காடு நிரம்பினால் எச்சரிக்கை வரும், 95 விழுக்காட்டில் எழுத்தே நின்றுவிடும். இதைக் கணக்கில் எடுத்தால் நிம்மதியாகப் பாவிக்கக்கூடியது ஏறத்தாழ 2.4 டெராபைட். ஒவ்வொரு தட்டுக்கும் இயல்பாக 4 கிகாபைட் நினைவகத்தை செஃப் இலக்காக வைப்பதால், சேவையகத்துக்கு 16 கிகாபைட்டை முதலிலேயே ஒதுக்க வேண்டும்.

தட்டுகளை வாங்குவதில் எங்களுக்கு ஒரு நட்டமும் ஏற்பட்டது. சேவையகத்துக்கு உகந்தவை என்று விற்பனையாளர் ஒருவர் உறுதிசொல்லித் தந்தவை, வீட்டுக் கணினிக்கான சாதாரண எஸ்எஸ்டிகளாக இருந்தன. ஒவ்வொரு எழுத்தும் தட்டில் உண்மையாகப் பதிந்துவிட்டதா என்று செஃப் கேட்டுக்கொண்டே இருக்கும். மின்சாரம் போனாலும் கையிலுள்ளதை எழுதி முடிக்கக்கூடிய மின்தேக்கிகள் உள்ள தட்டு உடனே பதில் சொல்லும். அவை இல்லாத தட்டு ஒவ்வொரு முறையும் மெதுவாக எழுதி முடித்துத்தான் சொல்லும். மாதக் கடைசியில் வட்டி கணக்கிடும் வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தபோதே காரணம் புரிந்தது. எல்லாத் தட்டுகளையும் மாற்றினோம்.

வலையமைப்பில் ப்ரொக்ஸ்மொக்ஸ் ஆவணங்கள் காட்டும் ஒரு வழியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். மூன்று சேவையகங்கள் மட்டுமே என்றால், ஒவ்வொன்றிலும் இரண்டு 10 கிகாபிட் வாயில்களை வைத்து, கணினிகளை இணைக்கும் வலையமைப்புச் சுவிட்ச் இல்லாமலே ஒன்றோடொன்று நேரடியாகக் கம்பியிடலாம். விலை கூடிய சுவிட்ச் ஒன்று மிச்சமாவதோடு, அது பழுதானால் எல்லாம் நின்றுவிடும் என்ற பயமும் இல்லாமற்போகிறது. கொத்தின் நலவிசாரிப்புச் செய்திகளுக்குத் தனியாக இரண்டு கம்பிகள் உள்ளன. ஒரு கம்பி இருக்க இன்னொன்று ஏன் என்ற கேள்விக்கு இயக்குநர் சபையில் நான் கல்லடிப் பாலத்தையே காட்டினேன்: 1924 இல் கட்டப்பட்ட ஒடுங்கிய பாலத்தின் பக்கத்தில் 2013 இல் புதியது திறக்கும் வரை எதிரே வரும் வாகனத்துக்காகக் காத்து நின்றவர்கள்தாம் அங்கே அமர்ந்திருந்த எல்லோரும்.

சோதனையை வேலைநாளிலேயே செய்தோம். களுவாஞ்சிக்குடிக் கிளையில் ஒருவர் வைப்புப் பதிந்துகொண்டிருக்கையில், கணக்கு மென்பொருள் ஓடிய சேவையகத்தின் மின்கம்பிகளை உருவினேன். இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகத் திரை உறைந்து நின்றது; பின்னர் அதே மெய்நிகர் கணினி வேறொரு சேவையகத்தில் எழுந்தது. அது புதிதாகத் தொடங்குகிறது என்பதையும், பாதியில் நின்ற பதிவை மீண்டும் இட வேண்டும் என்பதையும் பணியாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். திட்டமிட்ட பராமரிப்பின்போது இந்தத் தடங்கலும் இல்லை. ஓடுகின்ற நிலையிலேயே மெய்நிகர் கணினியை இடம் மாற்றலாம். 2025 ஓகஸ்டில் வந்த ப்ரொக்ஸ்மொக்ஸ் விஇயின் 9 ஆம் பதிப்புக்கு, முதலில் செஃபை 19 ஆம் பதிப்புக்கு உயர்த்திவிட்டு, ஒவ்வொரு சேவையகமாக மாறினோம். கிளைகளில் எவரும் அதை உணரவில்லை.

மென்பொருள் தன் வேலையைச் செய்தது. எங்கள் அறையில்தான் பழுதுக்கு இடமிருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் நாடு முழுவதும் மின்சாரம் போனது. அலுவலகத்தில் ஜெனரேற்றரை இயக்க ஆளில்லை. எங்கள் யூபிஎஸ் ஒன்றுதான். அதன் பற்றரி தீர்ந்ததும் மூன்று சேவையகங்களும் ஒன்றாக அணைந்தன. மாலையில் இரண்டு சேவையகங்கள் எழுந்து ஒன்றையொன்று கண்டதும் கொத்து தானாகவே சேர்ந்துகொண்டது. கணக்கில் ஒரு சதமும் பிசகவில்லை. ஆனாலும் மூன்று இயந்திரங்களை ஒரே யூபிஎஸ்ஸில் தொங்கவிட்டது நான் விட்ட பிழை. இப்போது ஒவ்வொன்றின் இரு மின்வழங்கிகளும் வெவ்வேறு யூபிஎஸ்ஸிலும், அந்த இரண்டு யூபிஎஸ்களும் வெவ்வேறு பிரேக்கரிலும் உள்ளன. பற்றரி குறையும்போது சேவையகங்கள் ஒழுங்காகத் தாமே அணையவும் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

மூன்று நகல் என்பதைக் காப்புப் பிரதி என்று எண்ணக் கூடாது. எவராவது ஒரு பதிவைத் தவறாக அழித்தால் அது மூன்று இடத்திலும் ஒரே கணத்தில் அழிகிறது. அதற்கென அதே நிறுவனத்தின் ப்ரொக்ஸ்மொக்ஸ் பேக்கப் சேர்வரை, வாவிக் கரையிலுள்ள தலைமை அலுவலகத்தில் வைக்காமல், செங்கலடிக் கிளையில் வைத்து இரவுதோறும் பிரதி எடுக்கிறோம். கடல் வந்த 2004 டிசம்பர் 26 ஐக் கண்ட ஊரில், எல்லாவற்றையும் ஒரே அறையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

செஃபைக் கற்க எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. லினக்ஸ் தெரிந்த ஒருவராவது இல்லாத அலுவலகத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மூன்றே சேவையகங்களில் ஒன்று முழுமையாக இறந்தால், மூன்றாவது நகலை மீண்டும் உருவாக்க வேறு இடமில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். அதைத் திருத்தும் வரை இரண்டு நகல்களோடுதான் ஓட வேண்டும். நான்காவது சேவையகத்துக்கான விலைக்கோரலை அடுத்த மாத இயக்குநர் சபைக் கூட்டத்துக்கு எழுதிவைத்திருக்கிறேன்.