ஸ்னூக்கர் வீடியோ வகுப்பில் 14,800 ரூபாய் போனது: நீங்களாவது கவனமாக இருங்கள்

மேசையில் கோலால் பந்துகளை அடித்து ஓரத்துப் பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஸ்னூக்கர் ஆட்டத்தை வீடியோ வழியாகக் கற்றுத்தருவதாகச் சொல்லும் ஓர் இணையதளத்திடம் 14,800 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். நேற்று இரவு வந்த அவர்களுடைய கடைசி மறுப்பைப் படித்த கோபம் தணியாமலேயே இதை எழுதுகிறேன். பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் என்று இழுப்பார்கள் என்பதால் அதைத் தவிர்க்கிறேன். இப்படிப்பட்ட வகுப்பில் சேருமுன் எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நான், ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில் இருக்கும் ஸ்னூக்கர் கூடத்தில் ஆறு ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். ஒற்றைப் பந்தைப் பாக்கெட்டில் போடும் ‘பாட்டிங்’கில் எனக்குக் குறையில்லை; தவறவிடாமல் தொடர்ந்து எடுக்கும் புள்ளிகளான பிரேக்தான் முப்பதைத் தாண்டினால் பெரிய விஷயம். எந்தப் பந்தை எதற்குப் பிறகு எடுப்பது, எப்போது துணிந்து அடிப்பது, எப்போது எதிராளிக்கு எளிதான பந்து கிடைக்காதபடி சேஃப்டி ஆடிவிட்டு நகர்வது என்பதை ஒழுங்காகக் கற்க வேண்டும் என்ற ஆசையில்தான் அந்த விளம்பரத்தைத் திறந்தேன். ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்தது என்றும், 1882-இல் நம் உதகை கிளப்பில்தான் அதற்கு விதிகள் எழுதி வைக்கப்பட்டன என்றும் அந்தப் பக்கம் தொடங்கியது. தகவல் சரியானதுதான். வரலாறு தெரிந்தவருக்கு ஆட்டமும் தெரிந்திருக்கும் என்று நினைத்தது என் முதல் தவறு.

பணம் கட்டுவதற்கு முன் உங்கள் ஆட்டத்தின் வீடியோ ஒன்றை அனுப்புங்கள், இலவசமாகப் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். நான்கு சிவப்பு, நான்கு கருப்பு என்று 32 புள்ளி எடுத்து ஐந்தாவது சிவப்பில் தவறவிட்ட ஒரு பிரேக்கை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் குரல் பதிவு வந்தது. “அண்ணா, உங்க பாட்டிங்ல பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு தடவையும் கருப்புக்கு நேர்க்கோட்டுல, கோலால அடிக்கிற வெள்ளைப் பந்தை நிறுத்துறீங்க. நேரா நின்னா வெள்ளை முன்னாடி போகும், பின்னாடி வரும், அவ்வளவுதான். கொஞ்சம் கோணம் வெச்சு நிறுத்தினா அடுத்த சிவப்புக்கு அதுவே தானா வரும்” என்றார் அந்தப் பயிற்சியாளர். அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். ஆறு ஆண்டுகளாக என்னை உறுத்திய குறையை ஒருவர் ஒன்றரை நிமிடத்தில் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டார். அதுவும் உண்மையான குறை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்த அன்று மதியமே 14,800 ரூபாயை அனுப்பிவிட்டேன்.

அறுபது வீடியோக்கள், மாதம் இரண்டு முறை நேரலையில் என் ஆட்டத்தைத் திருத்துதல், ஓராண்டு அனுமதி ஆகியவை வாக்குறுதிகள். கிடைத்தவை பதினொரு வீடியோக்கள். அவற்றில் நான்கு, தொலைக்காட்சியில் வந்த போட்டிக் காட்சிகளின் மூலையில் இருந்த முத்திரையை மங்கலாக்கி, மேலே யாரோ பேசியவை. ஷாட் தேர்வு என்ற தலைப்பில் இருந்த மற்ற ஏழும் ஸ்னூக்கரே அல்ல, அமெரிக்கப் பூல் ஆட்டம்! எண் போட்ட பந்துகள் கண்ணெதிரே உருள்கின்றன. நாம் ஆடுவது 12 அடி மேசையில், 52.5 மில்லிமீட்டர் பந்துகளோடு. பாக்கெட்டின் வாய் வளைந்திருப்பதால் மேசையின் ரப்பர் விளிம்பான குஷனை ஒட்டி வேகமாக வரும் பந்து ஓரத்தில் பட்டால் வெளியே துப்பப்படும். பூல் மேசை சிறியது, பாக்கெட் அகலமானது. அங்கே துணிந்து அடிக்கும் ஷாட்டை இங்கே அடித்தால் எதிராளிக்கு மேசையைத் தாரை வார்ப்பதாகத்தான் முடியும். சிவப்புக் கூட்டத்தைக் கருப்பிலிருந்து உடைப்பதா, நீலத்திலிருந்து உடைப்பதா, உடைக்கும் முன் பக்கத்தில் எளிதான ஒரு சிவப்பை விட்டுவைப்பதா என்ற கேள்விகளுக்கு அந்தப் பதினொன்றிலும் ஒரு சொல் கூட இல்லை. அவற்றைக் கற்கத்தானே 14,800 ரூபாய் கட்டினேன்?

கேட்டபோது, மீதி வீடியோக்கள் பதிவேற்றத்தில் இருக்கின்றன என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, சர்வர் மாற்றுகிறோம் என்றார்கள். நேரலை வகுப்பு இரண்டு முறை அறிவிக்கப்பட்டு, இரண்டு முறையும் தொடங்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன் தள்ளிவைக்கப்பட்டது. பயிற்சியாளருக்குக் காய்ச்சலாம். பணம் கட்டும்வரை ‘அண்ணா’வாக இருந்த நான், முதல் புகாரில் ‘சார்’ ஆனேன். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்’ ஆகிவிட்டேன். நேற்று வந்த பதிலில், ஒரு வீடியோவைத் திறந்து பார்த்தாலே கட்டணம் திரும்பாது என்ற விதிமுறையைச் சுட்டிக்காட்டி, என் புகார் முடித்துவைக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். திறந்து பார்க்காமல் உள்ளே பூல் ஆட்டம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

கூடத்தில் புள்ளிக் கணக்குப் பார்க்கும் வயதான மார்க்கரிடம் இதைச் சொன்னபோது, “கருப்புக்கு நேரா நிக்காதீங்க தம்பின்னு போன வருஷமே சொன்னேனே, நீங்க போனைப் பார்த்துட்டு இருந்தீங்க” என்றார். எனக்கு எதுவும் பேச வரவில்லை. மணிக்கு 150 ரூபாய் வாடகையில் அந்த 14,800 ரூபாய்க்குத் தொண்ணூற்றெட்டு மணி நேரம் அவர் முன்னாலேயே ஆடியிருக்கலாம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. யாராவது இதைக் காட்டினால்தான் தெரியும்.

விரிவாகத் தருவதாகச் சொன்ன அறிவுரைகளை எழுத இப்போது பொறுமையில்லை, பட்டறைக்கும் நேரமாகிவிட்டது. மாதிரிக்கு ஒரு முழு வீடியோவைக் கேளுங்கள். அதில் மேசையையும் பாக்கெட்டையும் உற்றுப் பாருங்கள். இலவசமாக வரும் முதல் அறிவுரை சரியாக இருக்கிறது என்பதற்காகப் பணத்தை அனுப்பாதீர்கள். ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழையுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915 இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம் என்பதால் நானும் சேலத்தில்தான் தரப்போகிறேன். உரையாடல்களை மட்டும் அழிக்காதீர்கள். போனில் இடமில்லை என்று அந்தக் குரல் பதிவை நான் சென்ற மாதமே அழித்துவிட்டேன்.