241 கிலோவோடு மூன்று வருடம்: சூப்பர் மீட்டியர் 650

வண்டி எடுத்த இரண்டாவது வாரமே அதைக் கீழே போட்டுவிட்டேன். அப்போது வண்டி ஓடிக்கொண்டுகூட இல்லை, ஏறக்குறைய நின்றுவிட்டது. திருச்சி உறையூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பக்கம் சரிந்த சரளைத் தரை உண்டு. அங்கே ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பிய நிலையில் முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி சாய்ந்தது. இடது காலை ஊன்றினேன், சரளையில் கால் வழுக்கியது. ஒரு கட்டத்துக்கு மேல் சாய்ந்துவிட்டால் 241 கிலோவை ஒற்றைக் காலால் தாங்கவே முடியாது. விட்டுவிட்டு விலகினேன். எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து, "வண்டியை விடுங்க சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார். கிளட்ச் லீவர் முனை உடைந்தது, கால் மிதியில் ஒரு கீறல். அவ்வளவுதான். ஆனால் இந்த வண்டியை நான் உண்மையில் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது அன்றுதான்.

வண்டி ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியர் 650. 2023 ஜனவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது, நான் அதே வருடம் ஜூனில் எடுத்தேன். மீட்டர் இப்போது 31,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பெட்ரோல் பங்க்கில் நிற்கும்போது பையன்கள் கேட்பதெல்லாம் இரண்டே கேள்விதான்: "அண்ணே, எவ்வளவு போகும்? மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" இரண்டும் நல்ல கேள்விகள்தான். ஆனால் இவ்வளவு கனமான குரூசர் (தாழ்ந்த இருக்கை, முன்னால் தள்ளிய கால் மிதியோடு நெடும்பயணத்துக்கென்று செய்த வண்டி) நமக்கு ஒத்துவருமா என்பதை ஒவ்வொரு பயணத்தின் முதல் பத்து நிமிடமும் கடைசிப் பத்து நிமிடமும்தான் சொல்லும். நடுவில் வரும் நெடுஞ்சாலையில் இந்த வண்டி யாருக்கும் பிடிக்கும்.

அந்த நடுப்பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 648 சிசி, இரட்டை சிலிண்டர், 47 குதிரைத்திறன். இப்போதைய பெரிய வண்டிகளோடு ஒப்பிட்டால் இந்த எண் பெரிதாகத் தெரியாது. நிமிடத்துக்கு 5,650 சுற்றில் கிடைக்கும் 52.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைதான் (டார்க்) முக்கியம். அதில் பெரும்பங்கு 2,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. அதனால் லாரியை முந்த கியரைக் குறைக்க வேண்டியதில்லை, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகினால் போதும். இரண்டு பிஸ்டன்களும் 270 டிகிரி இடைவெளியில் அமைந்திருக்கின்றன. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் வெடித்து, எஞ்சின் 270 டிகிரி சுழன்ற பிறகு அடுத்ததில், பிறகு 450 டிகிரி இடைவெளி. இந்தச் சீரற்ற தாளம்தான் அந்தச் சத்தத்துக்குக் காரணம். அப்பா வைத்திருந்த புல்லட்டின் ஒற்றை சிலிண்டர் "டப்... டப்..." இதில் இல்லை. வலது காலில் கியர் போட்ட அந்தப் பழைய வண்டியின் முன்னால் பெட்ரோல் டேங்கில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். 1950-களின் நடுவில் சென்னை திருவொற்றியூரில் ஆரம்பித்த என்ஃபீல்டு தொழில், இன்று ஒரகடம், வல்லம் வடகால் வரை வந்து இப்படி ஒரு இரட்டை சிலிண்டர் எஞ்சினைத் தருகிறது என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

கனம் நமக்கு நல்லது செய்யும் இடமும் உண்டு. போன வருடம் ஆனி மாதம் கன்னியாகுமரி போனேன். திருநெல்வேலியைத் தாண்டி, முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பகுதிக்கு வந்ததும் காற்றாலைகள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றுகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியாகப் பாய்ந்து பக்கவாட்டில் அறைகிறது. பல வருடங்களுக்கு முன் அதே இடத்தில் 150 சிசி வண்டியில் போனபோது, காற்று என்னைப் பக்கத்துத் தடத்துக்கே தள்ளியது. இந்த முறை வண்டி லேசாக அசைந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வாகப் பிடித்திருந்தாலே வண்டி தானாக நேராகிவிடுகிறது. இறுக்கிப் பிடித்தால்தான் நம் தோள் ஆடுவதெல்லாம் முன்சக்கரத்துக்குப் போகும்.

மலைப்பாதை வேறு கதை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் எங்களுக்குப் பக்கம், நான்கு முறை ஏறியிருக்கிறேன். சக்கரங்களுக்கு இடையே 1,500 மில்லிமீட்டர். அதே எஞ்சின் உள்ள இன்டர்செப்டரை விட ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் நீளம். அதனால் வளைவில் வண்டி மெதுவாகத்தான் திரும்பும், அவசரப்படுத்த முடியாது. கால் மிதி முன்னாலும் தாழ்வாகவும் இருப்பதால், சாய்க்கும்போது அது தார்ச்சாலையைத் தொட்டு உரசும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நெஞ்சு திக்கென்றது. அது "இதற்கு மேல் சாய்க்காதே" என்று வண்டி சொல்லும் எச்சரிக்கை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இரண்டாம் கியரில், கண்ணை வளைவின் கடைசியில் வைத்துத் திரும்பினால் அழகாக ஏறும்.

சரி, அந்தப் பத்து நிமிடங்களுக்கு வருகிறேன்.

கீழே போட்ட பிறகு ஒன்றரை மாதம், ஞாயிறு காலையில் ஒரு காலி மைதானத்துக்குப் போனேன். தண்ணீர் பாட்டில்களை வைத்து, அவற்றுக்கிடையே எட்டு போட்டுப் பழகினேன். பாதி பிடித்த கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், பின் பிரேக்கில் லேசாகக் கால். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் பிடித்து நடை வேகத்தில் போக வேண்டும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால், என் தெருமுனையில் நடந்ததுதான் நடக்கும். தலையைத் திருப்பிப் போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் வண்டி அங்கே போகிறது. தரையைப் பார்த்தால் தரைக்குப் போகிறது. 740 மில்லிமீட்டர்தான் இருக்கை உயரம், இரண்டு பாதமும் முழுமையாகத் தரையில் படும். அந்த நம்பிக்கையில்தான் நான் அதுவரை இதைப் பழகாமல் விட்டிருந்தேன்.

தூக்குவதையும் கற்றுக்கொண்டேன். எஞ்சினை அணைத்து, உருளாமல் இருக்க கியரில் போட வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து விடுங்கள், நிமிர்ந்த வண்டி மறுபக்கம் போனாலும் ஸ்டாண்டில் நிற்கும். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பைச் சேர்த்துக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில்பாரையும் மறு கையில் சட்டத்தையும் பிடித்து, கால்களால் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். முதுகை வளைத்து முன்னால் குனிந்து இழுத்தால் வண்டி நிமிராது, இடுப்பு போய்விடும்.

நிறுத்துவதும் ஒரு கணக்கு. எங்கள் வீட்டு வாசலில் சாய்தளம் இருக்கிறது. முன்பக்கமாக உள்ளே ஏற்றினால் காலையில் வெளியே எடுக்க ஆள் வேண்டும். நான் தெருவிலேயே திருப்பி, பின்பக்கமாக ஏற்றுகிறேன். எங்கே போனாலும் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்துவதில்லை. உணவகத்தில் இடம் நிறைய இருந்தாலும் கொஞ்சம் தள்ளி, சமதளத்தில் நிறுத்திவிட்டு நடப்பேன். முதலில் இதெல்லாம் தொந்தரவாக இருந்தது, இப்போது யோசிக்காமலே செய்கிறேன்.

ஊருக்குள் ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சித்திரை வெயிலில் சத்திரம் பேருந்து நிலையப் பக்கம் நெரிசலில் மாட்டினால் தொடை சுடும். காற்றாலும் எண்ணெயாலும் குளிரும் எந்தப் பெரிய எஞ்சினுக்கும் ஓட்டம் வேண்டும். சந்தைக்குப் போக ஸ்கூட்டர் இருக்கிறது.

தாழ்ந்த குரூசர்களுக்குப் பொதுவான இன்னொரு விஷயம் முதுகு. கால்கள் முன்னால் நீண்டிருப்பதால் பள்ளத்தில் விழும்போது எழுந்து நிற்க முடியாது, அடி நேராக முதுகெலும்பின் அடிநுனிக்கு வரும். பின்பக்க சஸ்பென்ஷனுக்கு இருப்பது 101 மில்லிமீட்டர் அசைவு. தரைக்கும் வண்டிக்கும் இடையே 135 மில்லிமீட்டர். நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மனைவியோடு போகும்போது வேகத்தடையைச் சற்றுக் குறுக்காக, மிக மெதுவாக ஏறுவேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். "என்னங்க, டீ கடை வருது" என்று தோளில் தட்டினால் அதற்குப் பேச்சே இல்லை. முதுகுச் சாய்மானம் போட்ட பிறகு தனுஷ்கோடி வரை என்னோடு வந்தார், வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். இந்த வண்டியில் எனக்குக் கிடைத்த மிக நல்ல நாள் அது.

செலவுக் கணக்கு: நெடுஞ்சாலையில் 90-க்குள் ஓட்டினால் லிட்டருக்கு 26, 27 கிடைக்கிறது. ஊருக்குள் 20. டேங்க் 15.7 லிட்டர், நான் 300 கிலோமீட்டரில் நிரப்பிவிடுவேன். பின் டயரை 18,000 கிலோமீட்டரில் மாற்றினேன். 350 சிசிக்கு மேல் என்பதால் புது வண்டிக்கு ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 15,117 ரூபாய். நான் வாங்கியபோது ஜிஎஸ்டியும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 31 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேல் 40 சதவீதம், அதற்குக் கீழே 18. வாங்க நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செயினில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். வெளியில் ஒரு பணிமனையில் பார்க்கக் கொடுத்தபோது, "நல்லா டைட்டா வச்சிருக்கேன்" என்று கொடுத்தார்கள். ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் அமுங்கி, செயின் இன்னும் இறுகியது. நூறு கிலோமீட்டரிலேயே முனகல் சத்தம். ஆள் ஏறினாலும் தொய்வு மிச்சம் இருக்க வேண்டும். இப்போது நானே அளக்கிறேன், ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நானே எண்ணெய் தெளிக்கிறேன்.

போன மாதம் எதிர்வீட்டுத் தம்பி வந்தார், இதையே வாங்கப் போவதாகச் சொன்னார். சாவியைக் கொடுப்பதற்கு முன், எஞ்சினைப் போடாமல் வண்டியைப் பின்னால் தள்ளி, சாய்தளத்தில் ஏற்றிக் காட்டச் சொன்னேன். இரண்டு முறை முயன்றார், மூன்றாம் முறை நான் கை கொடுத்தேன். பிறகு பெரம்பலூர் சாலையில் ஓட்டிவிட்டு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. இரவு முழுக்க யோசித்தாராம். தினமும் அலுவலகத்துக்கு ஓட்ட வேண்டும், நிறுத்தும் இடத்தில் நெருக்கடி என்று, 191 கிலோ உள்ள மீட்டியர் 350-ஐப் பதிவு செய்திருக்கிறார். வண்டி வந்ததும் இருவரும் கொல்லிமலை போவதாகப் பேச்சு.