வீல்சேரோடு தெற்கு ஐரோப்பா: ஒன்பது வருட அனுபவம்

என் வீல்சேரின் அகலம் 63 சென்டிமீட்டர். ரோமில் நாங்கள் எடுத்த அறையின் பாத்ரூம் கதவு 62. முன்பதிவு செய்தபோது நீல நிற வீல்சேர் படம் போட்டிருந்தது, அதை நம்பிப் பணம் கட்டியிருந்தோம். இரவு பத்தரை மணி. காலையிலிருந்து விமானம், ரயில், டாக்சி என்று அலைந்த உடம்பு. கமோட் கண்ணுக்குத் தெரிகிறது, போக வழியில்லை.

என் கணவர் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வரவேற்பில் இருந்த பையனைக் கூப்பிட்டு வந்தார். ஐரோப்பாவில் பல கதவுகளை அப்படியே மேலே தூக்கினால் கீலிலிருந்து கழன்று வந்துவிடும். இரண்டு பேருமாகத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். கதவுப் பலகையின் தடிமன் போனதில் நான்கு சென்டிமீட்டர் கூடியது. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டேன், அவர் பின்னாலிருந்து தள்ளினார், உள்ளே போய்விட்டேன். மூன்று நாளும் என் துப்பட்டாதான் பாத்ரூம் கதவு.

அது 2016 நவம்பர். அன்றிலிருந்து என் கைப்பையில் இன்ச் டேப் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது திருச்சி, இருப்பது ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட். 2014-ல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. கைகளுக்கு நல்ல பலம் உண்டு. கையால் தள்ளும் வீல்சேர்தான், மோட்டார் கிடையாது. கொரோனா வருடங்கள் போக ஒவ்வொரு வருடமும் கணவரோடு தெற்கே ஏதாவது ஓர் ஊருக்குப் போய்வருகிறோம். இங்கே குளிர்காலம் நீளம். வெயிலுக்கு ஏங்கும் உடம்பு நம்முடையது.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். இத்தனை ஊரில் நாங்கள் நான்கு முறை திரும்பிப் போன ஊர் ஒன்றே ஒன்று: டெனெரீஃப் தீவின் தெற்கில் இருக்கும் லோஸ் கிறிஸ்டியானோஸ். வரைபடத்தில் அது ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கிடக்கிறது, ஆட்சி ஸ்பெயினுடையது. ஒரு காலத்தில் மீனவக் கிராமம். இப்போது அடுக்குமாடி ஹோட்டல்களும் நினைவுப்பொருள் கடைகளும் நிறைந்த, சொல்லப்போனால் அழகே இல்லாத ஊர். ஆனால் ஒரு வாரத்தில் நான் ஒரு தடவைகூட ‘உதவி’ என்று வாய் திறக்காத ஊரும் அதுதான்.

காரணம் கடற்கரையோரம் ஓடும் நடைபாதை. லோஸ் கிறிஸ்டியானோஸில் ஏறினால் லாஸ் விஸ்டாஸ் கடற்கரை வழியாகப் பக்கத்து ஊரான பிளாயா தெ லாஸ் அமெரிக்காஸ் வரை கிலோமீட்டர் கணக்கில் வழவழவென்று போகிறது. காலையில் ஏழு மணிக்கு நான் தனியாகக் கிளம்பிவிடுவேன். அவர் தூங்குவார். காபி குடித்து, ரொட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு திரும்பும்போது எதிரே குறைந்தது நான்கைந்து வீல்சேர்கள் வரும். ஸ்வீடன், நார்வே, இங்கிலாந்து. ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொள்வோம். கடைக்காரர் யாரும் என்னை விட்டுவிட்டு என் கணவரிடம் ‘இவருக்கு என்ன வேண்டும்’ என்று கேட்பதில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று வீல்சேரில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

லாஸ் விஸ்டாஸ் கடற்கரையில் கடலில் குளிக்க உதவும் ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய மஞ்சள் டயர் மாட்டிய மிதக்கும் நாற்காலியில் உட்கார வைத்து மணலில் இழுத்துப் போய்த் தண்ணீரில் விடுவார்கள். முதல் தடவை எனக்குப் பயம். விபத்துக்கு அப்புறம் கடலில் இறங்கியதே இல்லை. அலை வந்து நெஞ்சில் அடித்தபோது உதவியாளர் ஸ்பானிஷில் என்னவோ சொன்னார், புரியவில்லை, சிரித்தேன். அரை மணி நேரம் வெளியே வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அங்கே தங்கும் இடமும் பிரச்சினை தராதது. நாங்கள் போகும் ஹோட்டலில் ஷவர் தரையோடு தரையாக இருக்கிறது, நீச்சல் குளத்தில் ஆளை இறக்கும் லிஃப்ட் இருக்கிறது. ஸ்பெயினின் கட்டட விதிப்படி இத்தகைய அறையில் கதவுத் திறப்பு 80 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், வீல்சேர் சுற்றித் திரும்ப 150 சென்டிமீட்டர் வட்டம் காலியாக இருக்க வேண்டும். பழைய கட்டடங்களில் இதை எதிர்பார்க்க முடியாது, புதியதில் தைரியமாகக் கேட்கலாம். தீவில் ‘குவாகுவா’ என்று சொல்லும் பச்சை பஸ்களில் ரேம்ப் இருக்கும். மேலே டெய்டே எரிமலைக்கு மட்டும் கார் எடுத்தோம். பாறைகளை வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே பார்த்தேன், அதுவே போதுமாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. சாப்பாடு சுமார். ஜனவரியில் விலை ஏறிவிடும். வீல்சேர் அறைகள் எல்லா ஹோட்டலிலும் சொற்பம் என்பதால் எட்டு மாதம் முன்பே பிடித்து வைக்க வேண்டும்.

சரி, மற்ற ஊர்கள்.

பார்சிலோனா இரண்டாவது இடம். 1992-ல் ஒலிம்பிக்கோடு பாராலிம்பிக்கும் அங்கேதான் நடந்தது, அதன் தடம் ஊரில் தெரிகிறது. எல்லா நகர பஸ்ஸிலும் ரேம்ப் உண்டு. நடுக்கதவுப் பக்கம் இருக்கும் வீல்சேர் பொத்தானை அழுத்தினால் ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ரேம்பை நீட்டுவார். மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. நான் பஸ்ஸையே பிடித்தேன், ஊரையும் பார்க்கலாம். சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தின் தரைத்தளம் முழுக்கச் சுற்றலாம், கோபுரத்துக்கு மட்டும் அனுமதி இல்லை. மலைச்சரிவில் இருக்கும் பார்க் குவெல் பூங்கா வேண்டாம். ஏற்றத்தில் கணவருக்கு மூச்சு வாங்கிவிட்டது, இறக்கத்தில் எனக்கு உள்ளங்கை எரிந்தது. தங்குவதற்கு இலூனியன் ஹோட்டல் ஒன்றைப் பிடித்தோம். ஸ்பெயினில் பார்வையற்றோருக்காக 1938-ல் தொடங்கி லாட்டரி விற்று வளர்ந்த ‘ஓன்செ’ அமைப்பின் ஹோட்டல் வரிசை அது. வேலை செய்பவர்களிலும் மாற்றுத்திறனாளிகள் நிறையப் பேர். ‘எந்தப் பக்கமிருந்து கமோடுக்கு மாறுவீர்கள், இடமா வலமா?’ என்று முன்கூட்டியே கேட்டு எழுதினார்கள். ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஹோட்டல்.

லிஸ்பனைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. ஊர் அழகு, மீன் அருமை. ஆனால் மலைமேல் மலை. நடைபாதை முழுக்கச் சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கல் பதித்திருக்கிறார்கள், மழை பெய்தால் சோப்புப் போட்ட தரை மாதிரி வழுக்கும். புகழ்பெற்ற 28-ஆம் எண் டிராமில் நான் ஏற முடியாது. நான்கு நாளில் என் முன்சக்கரத்து பேரிங் போனதுதான் மிச்சம்.

வெனிஸுக்குப் போக முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டு. ரோமிலிருந்து ரயிலில் போனோம். இத்தாலி நிலையங்களில் ‘சாலா ப்ளூ’ என்ற உதவிப் பிரிவு இருக்கிறது. முன்கூட்டிச் சொன்னால் தூக்கும் மேடையோடு பெட்டி வாசலில் வந்து நிற்பார்கள். வெனிஸில் நிலையத்துக்கு எதிரேயே படகுத்துறை. ‘வபொரெட்டோ’ என்ற அந்தப் படகு பஸ்தான் வீல்சேர்காரர்களின் உயிர்நாடி. மிதக்கும் மேடையும் படகுத் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் வந்து நிற்கும், படகுக்காரர் ஒரு கை கொடுப்பார். நாங்கள் போனபோது எனக்கு 1.50 யூரோ, துணைக்கு இலவசம். சூட்சுமம் இதுதான்: படகுத்துறை இருக்கிற தீவிலேயே, பாலம் தாண்டாமல் போகிற ஹோட்டலைப் பிடிக்க வேண்டும். பாலம் ஏறாமல் எங்கெங்கே போகலாம் என்று நகராட்சியே வரைபடம் தருகிறது.

அங்கே இரண்டு விஷயம் மனதில் நின்றது. அக்டோபரில் மாரத்தான் ஓட்டத்துக்காகச் சில பாலங்கள்மேல் மரச் சாய்தளம் போடுகிறார்கள், ஓட்டம் முடிந்தும் சில மாதம் அப்படியே விட்டுவைக்கிறார்கள். நவம்பரில் போன எனக்கு சாட்டெரே கரையோரம் முழுக்க வழி திறந்திருந்தது. ஓடுகிறவர்களுக்காகப் போட்டதில் நான் உருண்டு போனேன். இன்னொன்று, கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்து 2008-ல் திறந்த கண்ணாடிப் பாலம். இருபத்தோராம் நூற்றாண்டில் கட்டிவிட்டு வீல்சேரை மறந்துவிட்டார்கள். பிற்பாடு பக்கவாட்டில் முட்டை வடிவக் கூண்டு ஒன்று மாட்டினார்கள், அது அடிக்கடி பழுதாகி நின்றது. 2020-ல் கழற்றியே போட்டுவிட்டார்கள்.

ஏதென்ஸுக்கு 2024-ல் போனோம். மெட்ரோவில் குறை சொல்ல ஒன்றுமில்லை, லிஃப்ட் எல்லாம் ஓடுகின்றன. மேலே வந்து நடைபாதையில் இறங்கினால் கதை வேறு. குறுகலான பாதையின் நடுவில் நாரத்தை மாதிரிக் கசப்பு ஆரஞ்சு மரங்கள், மரத்துக்கு மரம் மோட்டார் சைக்கிள், சாய்தளத்தின் மேலேயே நிறுத்திய கார். பாதி நேரம் சாலையில் வண்டிகளோடு வண்டியாகத்தான் போனேன்.

ஆனால் குன்றின் மேல் பழங்காலக் கோயில்கள் இருக்கும் அக்ரோபோலிஸ். 2020 டிசம்பரில் அங்கே பாறைச் சரிவை ஒட்டிப் புது லிஃப்ட் வைத்தார்கள். மேலே கான்கிரீட் பாதையும் போட்டார்கள். அந்தக் கான்கிரீட்டைத் தொல்லியல் அறிஞர்கள் பலர் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கலாம், அதன்மேல் உருண்டு போன நான் நடுநிலையாகப் பேச முடியாது. பார்த்தெனான் கோயில் முன்னால் பத்து நிமிடம் நின்றோம். சின்ன வயதில் மலைக்கோட்டைப் படிகளில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஏறியது நினைவுக்கு வந்தது. உச்சிப்பிள்ளையாரை நான் பார்த்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. பலத்த காற்றடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள், அதனால் ஏதென்ஸில் இறங்கிய முதல் நாளே போய்விடுங்கள், கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

கிரீஸில் இன்னொரு அதிசயம் ‘சீட்ராக்’. கரையிலிருந்து கடலுக்குள் தண்டவாளம் போட்டு, அதன்மேல் ஒரு நாற்காலி. சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. மாறி உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினால் அதுவே தண்ணீருக்குள் கொண்டுபோய் விடும். ஆள் தொட வேண்டியதில்லை. டெனெரீஃப் உதவியாளர்கள் தங்கமானவர்கள்தான், இருந்தாலும் யார் கையும் படாமல் நானே கடலுக்குப் போவதில் ஒரு சுகம் இருக்கிறது. நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட கடற்கரைகளில் இது உண்டு.

விமானம் பற்றி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1107/2006 விதிப்படி 48 மணி நேரம் முன்னால் சொல்லிவிட்டால் விமான நிலைய உதவி இலவசம், நடமாட உதவும் சாதனம் இரண்டு வரை இலவசம். இரண்டாவதாக நான் மடக்கும் ஷவர் நாற்காலி கொண்டுபோகிறேன், ஹோட்டலில் கொடுக்கும் பிளாஸ்டிக் ஸ்டூலை நம்புவதில்லை. மெத்தை, பக்கத் தகடு எல்லாவற்றையும் கழற்றி கேபினுக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பயணத்தில் என் முன்சக்கரத்தின் கவட்டை வளைந்து வந்தது. நல்ல வேளையாக நாற்காலியை ஒப்படைக்கும் முன் போட்டோ எடுத்திருந்தேன். நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே புகார் எழுதிக் கொடுத்தேன், பணம் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. சர்வதேச ஒப்பந்தப்படி வீல்சேரும் லக்கேஜ் கணக்கில்தான் வருகிறது. 2024 டிசம்பர் முதல் இழப்பீட்டின் உச்சவரம்பு 1519 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 1800 யூரோ. என் நாற்காலியின் விலை அதைப்போல மூன்று மடங்கு.

நுழைவுச்சீட்டுகளுக்கு ஜெர்மன் மாற்றுத்திறனாளி அட்டை எல்லா இடத்திலும் செல்லுபடியானது. பின்பக்கம் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பது உதவி. கொலோசியத்திலும் அக்ரோபோலிஸிலும் எனக்கும் கணவருக்கும் கட்டணம் வாங்கவில்லை. ஒன்றியம் முழுக்கச் செல்லும் பொது அட்டை 2028 ஜூனில் வர வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் தங்கள் அட்டையோடு ஆங்கில மருத்துவச் சான்று ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தங்கும் இடத்துக்கு என்ன எழுதிக் கேட்கிறேன் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ‘வீல்சேர் வசதி உண்டா?’ என்று கேட்கவே கேட்காதீர்கள், எல்லோரும் உண்டு என்பார்கள். வாசலில் ரேம்ப் இருந்தாலே போதும் என்பது அவர்கள் நினைப்பு. பாத்ரூம் கதவு திறந்த நிலையில் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர், கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, கமோடுக்கு எந்தப் பக்கம் இடம் இருக்கிறது, கட்டில் உயரம் என்ன என்று கேளுங்கள். எனக்கு 50 சென்டிமீட்டர் உயரம் சௌகரியம், 65 என்றால் மலையேற்றம். ஆள் தூக்கும் கருவி கொண்டுபோகிறவர்கள் கட்டிலுக்கு அடியில் இடைவெளி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஷவருக்கு அவர்கள் மொழியிலேயே ஒரு சொல் எழுதிவிடுவேன். ஸ்பானிஷில் ‘டூச்சா ஆ ராஸ் தெ சுவெலோ’, தரைமட்ட ஷவர். ‘பிளாத்தோ தெ டூச்சா’ என்று பதில் வந்தால் உஷார், அது விளிம்பு வைத்த தட்டு. முக்கியமாக, கதவில் டேப்பைப் பிடித்து எடுத்த போட்டோ கேளுங்கள்.

வரும் பிப்ரவரிக்கு ஸ்பெயினின் செவில்லாவில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். போன வாரம் உரிமையாளர் போட்டோ அனுப்பினார். டேப்பில் 71 என்று தெளிவாகத் தெரிகிறது. ஆனால் டேப்பின் மறுமுனை படத்துக்கு வெளியே இருக்கிறது. மறுபடி எழுதியிருக்கிறேன்.